ரூட்டு தல

இந்த வாரம் தபாலில் ஓர் அழைப்பிதழ் வந்தது. வழவழப்பான தாள், மூன்று மடிப்பு, முகப்பில் வெள்ளைப் புறா. 'அமைதியை முன்னெடுக்கும் இளைஞர்கள்' என்று கருத்தரங்கமாம். பேசுகிறவர்கள் எட்டுப் பேர். படங்களைப் பார்த்தேன். ஏழு பேருக்கு நரை, எட்டாமவருக்குச் சாயம். இளைஞர்கள் எங்கே என்று தேடினால், கடைசி மடிப்பில் நாட்டுப்பண்ணுக்கு மேலே பொடி எழுத்தில் இருக்கிறார்கள்: 'மாணவர்கள் திரளாகக் கலந்துகொள்கிறார்கள்.'

எட்டுப் பேர் என்றால் எட்டுப் பொன்னாடை. ஒவ்வொன்றுக்கும் போர்த்துகிறவர் பெயரும் பட்டமும் மைக்கில் வர வேண்டும். போர்த்தியதும் புகைப்படக்காரர், "சார், இன்னொரு தடவை" என்பார். கழற்றி மறுபடி போர்த்துவார்கள். அப்புறம் நினைவுப் பரிசு. இதற்குள் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். பின்வரிசைப் பையன்கள் செல்போனுக்குள் குனிந்திருப்பார்கள். இந்தத் தலைமுறைக்குக் கவனம் போதாது என்று மேடையில் ஒருவர் வருத்தப்படுவார்.

கூட்டத்துக்கு ஆதாரமாக அழைப்பிதழ் சொல்வது ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2250ஆம் தீர்மானத்தை. 2015 டிசம்பர் 9 அன்று, ஜோர்டான் முன்னின்று கொண்டுவர, நிறைவேறியது. 18 வயது முதல் 29 வரை உள்ளவர்களைக் கலவரத்துக்கு ஆள் சேரும் கூட்டமாக மட்டும் பார்க்காதே, சமாதானப் பேச்சிலும் முடிவெடுக்கிற இடத்திலும் அவர்களை உட்காரவை என்பது அதன் சாரம். நல்ல தீர்மானம். அதை விளக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பதினெட்டு வயது, தலைமை என்ற இரண்டும் ஒரே வரியில் வந்தவுடன் எனக்கு ரூட்டு தல ஞாபகம் வந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பச்சையப்பன், மாநிலக் கல்லூரி போன்ற கல்லூரிகளுக்குப் போகும் ஒவ்வொரு பஸ் ரூட்டிலும் ஒரு மாணவர் கூட்டம் உண்டு. புறநகர் ரயில் தடங்களிலும் உண்டு. கூட்டத்துக்குத் தலைவன் ரூட்டு தல. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள், எந்தப் பாட்டுக்கு பஸ்ஸின் தகரத்தைத் தட்ட வேண்டும், எந்தக் கல்லூரிக்காரனைப் பார்த்தால் கத்த வேண்டும், எல்லாம் அவன் கணக்கு. வீட்டிலேயே முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் இந்தக் கூட்டங்களில் நிறையப் பேர்.

'பஸ் டே' கூட நல்லபடியாகத் தொடங்கியதுதான். வருஷம் முழுக்கப் பத்திரமாகக் கொண்டுபோய் விட்ட டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாலை போட்டுப் பரிசு கொடுக்கிற நாள். அது போகப் போக பஸ் கூரையில் ஏறுவதாக மாறியது. 2019 ஜூனில், கல்லூரி திறந்த அன்றே, பிரேக் போட்டதும் கூரையிலிருந்து கொத்தாகச் சரிந்து விழுந்த பையன்களின் வீடியோவை நாடே பார்த்துச் சிரித்தது. அடுத்த மாதம் அரும்பாக்கத்தில் மாணவர்களை மாணவர்களே அரிவாளோடு விரட்டினார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி முதலாண்டு மாணவன் சில நாளில் இறந்துபோனான். ஊரிலிருந்து ரயிலேறிப் படிக்க வந்த பையன். இதைச் சொல்லாமல் ரூட்டு தலயைப் பற்றிச் சுவாரஸ்யமாக எழுதுவது அயோக்கியத்தனம்.

சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் என்னிடம் சொன்னது: "புட்போர்டுல தொங்குறவனுங்க நான் தொண்ட கிழியக் கத்துனாலும் கேக்க மாட்டானுங்க சார். அந்தப் பையன் ஒருத்தன் 'டேய், உள்ள போங்கடா'ன்னா போதும்." காக்கிச் சட்டை அணிந்த எந்த அதிகாரிக்கும் இல்லாத அதிகாரம் இது. இவர்களுக்குத் தலைமைப் பண்பு கற்றுக்கொடுக்கப் போகிறோமாம்!

இந்த மாதிரி அதிகாரத்தை நல்ல வேலைக்குத் திருப்பியவர் ஒருவர் உண்டு. சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்று ஒரு மருத்துவர். ஆப்பிரிக்காவில் காலராவோடும் காசநோயோடும் மல்லுக்கட்டிவிட்டு ஊர் திரும்பியவர், தெருச் சண்டையும் தொற்றுநோய் மாதிரிதான் பரவுகிறது என்றார். 2000இல் துப்பாக்கிச் சூடு அதிகமிருந்த வெஸ்ட் கார்பீல்டு பார்க் பகுதியில் வேலையைத் தொடங்கினார். சண்டையை விலக்கச் சம்பளத்துக்கு அவர் வைத்துக்கொண்டது யாரை? அதே தெருவில் கும்பலில் இருந்தவர்களை, ஜெயிலுக்குப் போய் வந்தவர்களை. ஒருவன் சுடப்பட்டால், பழிவாங்கக் கிளம்பும் நண்பர்களிடம் அன்றைக்கே போய்ப் பேசுவது அவர்கள் வேலை. போன எல்லா ஊரிலும் இது ஒரேபோலப் பலித்துவிடவில்லை. ஆனாலும் யார் பேச்சு எடுபடும் என்பதில் அந்த மருத்துவருக்குக் குழப்பம் இல்லை.

நமக்கு இருக்கிறது. அந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தலைமை தாங்க நாம் விட்டுவைத்திருப்பது ஒரு டவுன் பஸ்தான். 1965இல் இந்தி எதிர்ப்புக்கு மாணவர்கள் தலைமை தாங்கினார்கள். அந்தத் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன் 1967இல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். அந்தத் தேர்தலில் ஆட்சிக்கு வந்தவர்கள் பிறகு மாணவர் அரசியலைக் கண்டு பயந்ததும் இயல்புதானே! லிங்டோ குழு 2006இல் ஆண்டுதோறும் மாணவர் தேர்தல் நடத்தச் சொன்னது, உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நம்மூரில் பெரும்பாலான கல்லூரிகளில் அந்தப் பேச்சே இல்லை. தேர்தல் வைத்தால் வெட்டுக்குத்து வரும் என்கிறார்கள். தேர்தல் இல்லாமல் வந்ததை என்ன சொல்வது?

தேர்தல் வந்தால் இன்னொன்றும் நடக்கும். ரூட்டு தல என்றால் பையன்தான். அதே பஸ்ஸில் முன்பக்கம் நின்று, பின்பக்கக் கூச்சலைத் தினமும் சகித்துக்கொண்டு கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு இந்த ராஜ்ஜியத்தில் ஓட்டும் கிடையாது, குரலும் கிடையாது. அவர்கள் ஓட்டுப் போட்டால் கூரைமேல் ஏறுகிறவன் ஜெயிப்பானா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

வேட்பாளர்களைத் தேடி அலையவும் வேண்டாம். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் போலீஸ் ரூட்டு தலகளைக் கூப்பிட்டு, பெற்றோரையும் பக்கத்தில் நிறுத்தி, நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறது. பெயர், ரூட், வகுப்பு, விலாசம் எல்லாம் ஸ்டேஷனில் பத்திரமாக இருக்கும். கல்லூரி முதல்வர்கள் ஒரு பிரதி கேட்டு வாங்கலாம்.