ஏழு ஆண்டு இருட்டுக்குப் பிறகு ஒரு புத்தகம்

சாணக்யபுரியின் நேரு பூங்காவுக்கு விடியற்காலையிலேயே கூட்டம் வந்துவிடுகிறது. ஓய்வு பெற்ற செயலாளர்கள், தூதரக ஊழியர்கள், சத்ய மார்க், வினய் மார்க் குடியிருப்புகளைச் சேர்ந்த அதிகாரிகள், அவர்களுடைய மனைவிமார் என்று எண்பது ஏக்கருக்கு மேல் பரந்த பூங்காவில் நடப்பவர்கள் பலவகை. 1987இல் நிறுவப்பட்ட லெனின் சிலையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். சிலர் சர்க்கரைக்காக நடக்கிறார்கள், சிலர் ரத்த அழுத்தத்துக்காக. இவை இரண்டையும் வெளிப்படையாகச் சொல்வார்கள்; நேற்று எவ்வளவு இருந்தது, இன்று எவ்வளவு என்று கணக்கும் சொல்வார்கள். இரவு இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டி, அப்புறம் தூக்கம் வராமல் புரண்டு, எப்போது விடியும் என்று காத்திருந்து எழுந்து வருகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கத்தான் வேண்டும். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இருக்கத்தான் வேண்டும் என்பது வெறும் ஊகம் அல்ல. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. இந்தியாவில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகியிருக்கிறார் என்பது அதன் கணக்கு. யாரிடம் அதிகம் என்றும் அது சொன்னது: பெண்களிடம், 40 முதல் 49 வயதுக்காரர்களிடம், பெருநகரங்களில் வசிப்பவர்களிடம். பாதிக்கப்பட்டவர்களில் 100க்கு 85 பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்பது இன்னொரு கணக்கு.

சிகிச்சை ஒருபுறம் இருக்கட்டும், முதலில் பெயரே போய்ச் சேர்வதில்லை. "மனசு சரியில்லை", "வயசு அப்படி", "தில்லி குளிர் ஒத்துக்கொள்ளவில்லை", "எல்லாம் இருந்தும் இவளுக்கு என்ன குறை?" என்று நம் வீடுகளில் இதற்கு வழங்கும் பெயர்கள் பல. ஒரு தலைமுறைக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'நரம்புத் தளர்ச்சி' என்ற ஒரே சொல் போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போய்விட, பதவி உயர்வும் ஒரு கட்டத்தில் நின்றுவிட, வீட்டில் பேச்சு குறைந்துபோகிற வயதில்தான் பலருக்கு எழுதலாமே என்ற ஆசையும் எட்டிப் பார்க்கிறது. எதை எழுதுவது என்று யோசித்தால் முதலில் நினைவுக்கு வருவது, எழுதவே கூடாது என்று மூடி வைத்திருக்கும் விஷயம்தான்.

அதை எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் கதை, சாணக்யபுரியிலிருந்து வடக்கே சுமார் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அம்பாலாவில் நடந்தது.

ஸ்வதேஷ் தீபக் அங்கே கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். எழுதியது இந்தியில். 1991இல் வெளியான 'கோர்ட் மார்ஷல்' என்ற நாடகம் அவருடைய பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. மேலதிகாரியைச் சுட்ட ஒரு சாதாரணச் சிப்பாய் மீது ராணுவ நீதிமன்ற விசாரணை நடக்கிறது. விசாரணை போகப் போக, குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது சாதிதான் என்று தெரியவருகிறது. தில்லியின் அஸ்மிதா குழு உட்படப் பல குழுக்கள் அதைத் திரும்பத் திரும்ப மேடையேற்றின. அரங்கில் கைதட்டல் ஓயாமல் கேட்ட அதே சமயத்தில் நாடகாசிரியர் நோய்க்குள் போய்க்கொண்டிருந்தார்.

1991 முதல் 1997 வரை ஏழு ஆண்டுகள். மிதமிஞ்சிய எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்தன, குரல்கள் கேட்டன. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், பிழைத்தார். சண்டிகர் மருத்துவமனையில் நெடுநாள் கிடந்தார். நண்பர்கள் சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள், சிலர் கடைசி வரை வந்தார்கள். மீண்டு வந்த பிறகு, அறுபதை ஒட்டிய வயதில், அந்த ஆண்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 'மைனே மாண்டூ நஹீன் தேகா', அதாவது 'நான் மாண்டூ பார்த்ததில்லை' என்ற அந்த நூல் 2003இல் தில்லியின் ராஜ்கமல் பிரகாஷன் வெளியீடாக வந்தது.

மாண்டூ, மத்தியப் பிரதேசத்தில் பாஜ் பகதூரும் ரூப்மதியும் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பாழடைந்த கோட்டை நகரம். ஒரு பெண் தன்னோடு மாண்டூவுக்கு வரும்படி எழுத்தாளரை அழைக்கிறாள். அவர் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடுகிறார். பிற்பாடு நோய்க்காலம் முழுவதும் அவள் ஒரு மாயாவினியாகத் திரும்பித் திரும்பி வருகிறாள். அவள் யார், எங்கே நிஜம் முடிந்து எங்கே பிரமை தொடங்குகிறது என்று நூல் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. துண்டு துண்டான வாழ்க்கையின் ஒட்டுப்படம் என்பது அவரே நூலுக்கு வைத்த துணைத் தலைப்பு. காலம் முன்னும் பின்னும் தாவுகிறது. மருத்துவர், செவிலியர், பக்கத்துக் கட்டில் நோயாளி என எல்லோரும் நாடகப் பாத்திரங்களைப் போல வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். படிப்பவரின் பரிதாபத்தை நூல் கேட்பதில்லை. தன் ஆணவத்தையும் சிடுசிடுப்பையும்கூட அவர் மறைக்கவில்லை.

2004இல் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. தெலுங்கு சினிமாவானால் இங்கே 'சுபம்' போட்டிருப்பார்கள். 2006 ஜூன் 7 அன்று, நேரு பூங்காவில் நடக்கிறவர்களைப் போலவே, ஸ்வதேஷ் தீபக்கும் காலை நடைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார். திரும்பி வரவே இல்லை. இன்றுவரை தகவல் இல்லை.

இத்தகைய நூல்களில் ஊக்கம் தேடுகிறவர்கள் முதலில் எதிர்கொள்ள வேண்டிய உண்மை இது. புத்தகம் எழுதி முடித்ததால் நோய் முடிந்துவிடவில்லை. ஆனால் அதற்காக அந்தப் புத்தகம் தோற்றுவிட்டதாகவும் சொல்ல முடியாது. 2021இல் ஜெர்ரி பிண்டோ அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எழுதியவர் காணாமல் போய்ப் பதினைந்து ஆண்டு கழித்து, இந்தி தெரியாதவர்களின் கைக்கும் அது வந்து சேர்ந்தது.

மொழிபெயர்த்தவரின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். மும்பைக்காரரான பிண்டோ பத்திரிகையாளர், கவிஞர், மராத்தியிலிருந்தும் மொழிபெயர்ப்பவர். அவருடைய தாய்க்கும் இதே இருதுருவ நோய் இருந்தது. அந்த வீட்டைப் பற்றி ஒரு நாவல் எழுத உட்கார்ந்தவர் இருபது ஆண்டுக்கு மேல் எழுதினார், கிழித்தார், திரும்ப எழுதினார். 'எம் அண்ட் த பிக் ஹூம்' 2012இல் வெளியானபோது அவருக்கு வயது 46. நான்கு ஆண்டு கழித்து சாகித்ய அகாதெமி விருதும் வந்தது. அதே 2016இல், மனநோயோடு வாழும் குடும்பத்தினரைப் பற்றிப் பலர் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து 'எ புக் ஆஃப் லைட்' என்று வெளியிட்டார். அதில் தன் தந்தையைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர் சுகாந்த் தீபக், ஸ்வதேஷின் மகன். ஒருவர் வாய் திறந்தால் அடுத்தவருக்கும் துணிச்சல் வருகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கடல் கடந்தும் இதே சங்கிலியைப் பார்க்கலாம். அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன் 1985இல் அறுபதாவது வயதில் மனச்சோர்வில் விழுந்தார். பாரிஸுக்கு ஒரு விருது வாங்கப் போன இடத்தில், தன் நிலை எவ்வளவு மோசமாகிவிட்டது என்று அவருக்கே தெரிந்தது. ஏறக்குறைய ஏழு வாரம் மருத்துவமனையில் இருந்து மீண்டார். 1989இல் அதைப் பற்றி ஒரு சொற்பொழிவு செய்தார். அது பத்திரிகைக் கட்டுரையாகி, 1990இல் 'டார்க்னெஸ் விசிபிள்' என்ற சிறு நூலாயிற்று. 'டிப்ரஷன்' என்ற சொல்லே அவருக்குப் பிடிக்கவில்லை. பொருளாதார மந்தத்துக்கும் சாலைப் பள்ளத்துக்கும் சொல்லும் அதே சாதுவான சொல்லை இந்தச் சூறாவளிக்கு வைக்கலாமா என்பது அவருடைய மனக்குறை. நூல் வந்த பிறகு, முன்பின் தெரியாத வாசகர்களின் கடிதங்கள் அவருக்கு வந்து குவிந்தன. ஐந்து ஆண்டு கழித்து மனநோய்த் துறைப் பேராசிரியையான கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன், தானும் இருதுருவ நோயாளிதான் என்று 'அன் அன்கொயட் மைண்ட்' நூலில் வெளிப்படையாக எழுதினார். அப்போது ஐம்பதை நெருங்கியிருந்தார்.

தமிழில் இந்த விஷயம் பெரும்பாலும் கதைக்குள் ஒளிந்துதான் வந்திருக்கிறது. 1945இல் மதுரையில் பிறந்த கோபி கிருஷ்ணன் உளவியல் படித்தவர், மனநோயாளிகளிடையே பணியாற்றியவர். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நூலில் அவர்களைத் தமிழுக்கு அழைத்து வந்தார். வாழ்நாள் முழுவதும் வறுமை. புகழோ விருதோ அவரைத் தேடி வரவில்லை. ஸ்வதேஷ் தீபக்கின் நூல் வெளியான அதே 2003இல் அவர் காலமானார். அவர் திறந்த கதவு வழியே தமிழில் அதிகம் பேர் போகவில்லை.

நாற்பதைத் தாண்டி எழுத வருகிறவர்களுக்கு இந்த நூல்கள் என்ன தருகின்றன? சுலபமான சூத்திரம் எதுவும் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு வரிசை ஒத்துப்போகிறது. முதலில் சிகிச்சை, பிறகு இடைவெளி, அதன் பிறகே எழுத்து. இருட்டில் இருந்தபோது இவர்களில் யாரும் அந்தப் புத்தகங்களை எழுதவில்லை. துன்பம்தான் கலைஞனைச் செய்கிறது, மாத்திரை சாப்பிட்டால் கற்பனை வற்றிவிடும் என்ற பேச்சு நம் இலக்கியக் கூட்டங்களிலும் அவ்வப்போது எழும். லித்தியம் மாத்திரையோடு போராடி, கடைசியில் அதை ஏற்றுக்கொண்ட ஜேமிசன் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்: மருந்து உயிரைக் காத்தது, மனநல மருத்துவரோடு நடந்த உரையாடல் அந்த உயிரை வாழ வைத்தது, இரண்டும் தேவைப்பட்டன.

எழுதுவதே மருந்து என்று சொல்கிறவர்களும் உண்டு. 1986இல் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், மாணவர்களை நான்கு நாள், தினம் கால்மணி நேரம், மனத்தை அரித்த அனுபவத்தை எழுதச் சொன்னார். அப்படி எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. அதன்பின் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டு, ஆனால் சிறியது. கடுமையான மனச்சோர்வுக்கு அது சிகிச்சைக்கு மாற்றாகாது. டயரி டயரிதான், டாக்டர் டாக்டர்தான்.

தாமதம் ஒரு தடையா என்றால், தில்லிக்காரர்களுக்கு வீட்டு வாசலிலேயே உதாரணம் இருக்கிறது. 1947 மே மாதத்தில் ஓர் இரவு, அகில இந்திய வானொலியில் வேலை பார்த்த வங்காளி ஒருவர் தூக்கமில்லாமல் படுத்திருந்தார். எழுத நினைத்த பெரிய சரித்திர நூலை இனி எழுதப்போவதில்லை என்ற ஏக்கம். கண்ணால் பார்த்த சரித்திரத்தையே எழுதினால் என்ன என்று அன்றைக்குத் தோன்றியது. அப்போது நிரத் சவுத்ரிக்கு வயது 49. நூல் 1951இல் வந்தது. அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு எழுதினார். நம் பக்கத்தில் தோப்பில் முகமது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டே எழுதினார். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' புத்தகமாக வந்தபோது அவரும் நாற்பதைத் தாண்டியவர்தான்.

எல்லோரும் நிரத் சவுத்ரி ஆக வேண்டியதில்லை. எழுதியதை அச்சில் பார்க்க வேண்டும் என்பதும் இல்லை. கூட இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய அந்தரங்கமும் அதில் அடங்கியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பிண்டோ நாவல் வடிவத்தைத் தேர்ந்து இருபது ஆண்டு காத்திருந்ததிலிருந்து அதைக் கற்கலாம். பலருக்கு எழுதுவதைவிட முதலில் தேவைப்படுவது, ஒருவரிடம் சொல்வது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். நள்ளிரவு இரண்டு மணிக்கும் மறுமுனையில் ஆள் இருப்பார்.

அம்பாலாவில் ஒருவர் காலை நடைக்குப் போய்த் திரும்பவில்லை. போவதற்கு முன்னால், தான் எங்கே போயிருந்தேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். நேரு பூங்காவில் வெயில் ஏறியதும் கூட்டம் கலைகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தக் கணக்குகள் வாசல் வரை தொடர்கின்றன. அந்தப் பேச்சின் நடுவே ஒருவர், "எனக்கு ராத்திரியில் தூக்கமே வருவதில்லை" என்று சொல்லத் தொடங்கினால், பக்கத்தில் நடப்பவர் கொஞ்சம் மெதுவாக நடந்தால் போதும்.