கரண்டு வைத்து முடிந்த பிறகு



தேர்வு முடிந்து கல்லூரிப் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப்புக்கு இடம் தேடும் பருவம் இது. சமூகப்பணி, உளவியல், நர்சிங், பிசியோதெரபி, சத்துணவியல் என்று வெவ்வேறு படிப்புப் படிக்கும் பிள்ளைகள், “எங்கே போனால் நல்லது?” என்று நம் முகவரிக்கு எழுதிக் கேட்கிறார்கள். சென்னை, கோவை, பெங்களூரு என்றுதான் பலருடைய எண்ணமும் ஓடுகிறது. என்னிடம் கேட்டால் நான் வேறு இடம் சொல்வேன். கேன்சருக்குச் சிகிச்சை முடித்துக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்தவர்களோடு ஒரு மாதம் இருந்து பாருங்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில், திராட்சைத் தோட்டத்தில், செக்கப்புக்குப் போகிற பஸ்ஸில்.

சிகிச்சை நடக்கும் காலத்தில் ஒருவரைச் சுற்றி ஆள் இருக்கும். கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். கரண்டு (கதிர்வீச்சு) வைக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு ஐந்து நாள், அதுவும் பல வாரம். தினமும் போய்த் திரும்ப முடியாது என்பதால் மதுரையில் உறவினர் வீடு தேட வேண்டும், அல்லது வாடகைக்கு ஓர் அறை பிடிக்க வேண்டும். அண்ணன் பணம் புரட்டுவார், மச்சினர் காப்பீட்டுக் கார்டுக்கு அலைவார், மதினி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். மதுரை பாலரெங்காபுரம் அரசு மருத்துவமனை வாசலில் காலை நேரத்தில் நின்றால் நம் பக்கத்துப் பேச்சு காதில் விழும். ஒரு குடும்பமே சேர்ந்து அந்த நாள்களைத் தாண்டுகிறது.

எல்லாம் முடிந்து, “இனி மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டிட்டுப் போங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். ஊருக்கு வந்ததும் கூட இருந்தவர்கள் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. விட்டுப்போன கூலியை அவர்கள் பிடிக்க வேண்டும், வாங்கிய கடனை அடைக்க வேண்டும். “அதான் சரியாயிருச்சுல்ல” என்று ஊரும் சொல்லிவிடுகிறது. நோயிலிருந்து மீண்டவர் தனியாகிப் போவது அப்போதுதான். உடம்பு பழைய உடம்பாக இல்லை. அதைச் சொல்வதற்கு ஆள் இல்லை. சொன்னாலும் அது சாதாரணமா, ஆபத்தா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் பலருக்குச் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். அதன் பிறகு அந்தப் பக்கத்துக் கையில் நீர் தேங்கி வீக்கம் வரலாம். உடனே வர வேண்டுமென்பதில்லை. மாதங்கள் கழித்தும் வரும், வருஷங்கள் கழித்தும் வரும். இந்தப் பெண் சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர்த் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். நம் திராட்சை பந்தலில் படர்வது. கவாத்து செய்தாலும் சரி, குலை அறுத்தாலும் சரி, இரண்டு கையும் நாள் முழுக்கத் தலைக்கு மேலேதான் இருக்கும். ஆபரேஷன் ஆன தோள் இறுகிப்போயிருந்தால் கை பந்தலுக்கு எட்டாது. கம்பி கிழித்த சின்னக் காயம் போதும், வீங்கிய கையில் கிருமி ஏறிக் காய்ச்சலாகிவிடும்.

“கையைப் பத்திரமா வச்சுக்கங்க” என்று நகரத்து மருத்துவமனையில் சொல்லி அனுப்புவார்கள். பத்திரமாக வைத்துக்கொள்வது என்றால் என்ன என்பதை அந்தப் பந்தலுக்கு அடியில் நின்று பார்த்தால்தான் சொல்ல முடியும். பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி அந்த அக்காவின் இரண்டு கையையும் ஒரே இடங்களில் டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதலாம். மறுவாரமும் அதே இடங்களில் அளக்கலாம். சுவரை ஒட்டி நின்று, விரல்களால் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும் பயிற்சியைக் கூடவே நின்று செய்யலாம். நேற்று விரல் எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டால் இன்று எவ்வளவு கூடியிருக்கிறது என்று அந்த அக்காவே பார்த்துக்கொள்வார். கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று வீட்டுக்காரரிடமும் சேர்த்துச் சொல்லலாம். கொஞ்ச நாளைக்குப் பந்தல் வேலைக்குப் பதிலாக, பறித்த பழத்தைத் தரம் பிரிக்கும் வேலை கொடுக்க முடியுமா என்று தோட்டக்காரரிடம் பேசலாம். இந்தக் கடைசி வேலைக்குப் பெரும்பாலான மருத்துவமனைகளில் தனி ஆள் கிடையாது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அதுதான் முதல் தேவை.

வாய்ப் புற்றுநோய் வந்தவர்களின் சிரமம் வேறு. ஆபரேஷனும் கரண்டும் சேர்ந்து பலருக்குத் தாடையை இறுக்கிவிடும். வாய் விரல் அளவுக்குக்கூடத் திறக்காது. உமிழ்நீர் வற்றிப்போகும். காரம் துளி பட்டாலும் எரியும். கறிக்குழம்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை இல்லை என்றிருந்தவர், மற்றவர்கள் சாப்பிடும் நேரம் பார்த்து வெளியே எழுந்து போய்விடுகிறார். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டிக்கொண்டே போகும் பயிற்சி ஒன்று இருக்கிறது. காசு செலவில்லாதது, தெரிந்தவர்கள் கற்றுக்கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் வலிக்கும். வலிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னிக்கு ஒண்ணு கூடியிருக்கு மாமா” என்று சொல்ல ஆள் இல்லையென்றால் நாலாம் நாளே குச்சி குப்பைக்குப் போய்விடும். சத்துணவியல் படிக்கும் பெண் அந்த வீட்டு அடுப்படிக்குள் போய், கம்மங்கூழையும் பருப்பையும் முட்டையையும் அவர் விழுங்கும் பக்குவத்துக்குக் கொண்டுவந்து காட்டினால் அவள் படித்த படிப்புக்கு அர்த்தம் உண்டு.

இதெல்லாம் புதுச் சிந்தனை இல்லை. லண்டனில் 1967இல் இறுதிக்கால நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப்பணியாளரானார். அதற்குப் பிறகு டாக்டருக்குப் படித்தார். மூன்று வேலையையும் பார்த்தவர் என்பதால்தான், புற்றுநோயாளியின் வேதனை உடம்போடு நிற்பதில்லை என்பதை அவரால் அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிந்தது. மனசு, குடும்பம், பணம், கடவுள் நம்பிக்கை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. அத்தனையையும் சேர்த்துத்தான் கவனிக்க வேண்டும் என்றார். முழுமையான பராமரிப்பு என்று இன்று நாம் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

நம் நாட்டில் அது வேர் பிடித்த இடம் மலைக்கு அந்தப் பக்கம். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வலி நிவாரணச் சங்கம் தொடங்கினார்கள். டாக்டர்களும் நர்ஸுகளும் மட்டும் இதைச் செய்து முடிக்க முடியாது என்று சீக்கிரமே அவர்களுக்குப் புரிந்தது. கடைக்காரர், ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர் என்று ஊர் மக்களுக்கே பயிற்சி கொடுத்து, வாரத்தில் சில மணி நேரம் அக்கம்பக்கத்து நோயாளி வீட்டுக்குப் போகச் செய்தார்கள். 2008இல் கேரள அரசு இதை மாநிலக் கொள்கையாகவே அறிவித்தது. கல்லூரிகளில் மாணவர் குழுக்கள் இயங்குகின்றன. ஜனவரி 15ஐ அங்கே வலி நிவாரணப் பராமரிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறிக் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்பி வரும் நம் பெண்கள் தினமும் கால் வைப்பது அந்த மண்ணில்தான். அங்கே செய்ய முடிந்தது நமக்கு மட்டும் ஏன் முடியாது என்ற கேள்வி எனக்குள் பல வருஷமாக இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் பெருமைப்பட வரலாறு உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த வருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021இல் மறையும் வரை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. நோயாளிகளின் மனநலத்தைக் கவனிக்க இன்று அங்கே தனிப் பிரிவே இயங்குகிறது.

நம் பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லில் நடந்த வேலை உலக அளவில் பேசப்பட்டது. ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் இயங்கும் கிறிஸ்தவ மருத்துவமனையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டிலிருந்து கிராமத்துப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்தன. பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்க்கவைத்துத் தடவினால் மாற்றம் கண்ட இடம் வெளுத்துத் தெரியும். பார்த்துச் சொன்னவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். 30 முதல் 59 வயது வரையிலான 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயால் ஏற்படும் சாவு, மற்ற ஊர்களோடு ஒப்பிட 35 சதவீதம் குறைந்திருந்தது. முறையான பயிற்சியும் கண்காணிப்பும் இருந்தால் டாக்டர் அல்லாதவர்களும் கிராமத்தில் உயிர் காக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டுமா?

நம் தேனி மாவட்டத்திலும் இதற்கு அடித்தளம் இல்லாமலில்லை. க.விலக்கில் 2004இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வர வேண்டும் என்பது சேர்ந்திருக்கிறது. அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில், 2022இல் தேனி வரைக்கும் 2023இல் போடி வரைக்கும் திரும்ப ஓடத் தொடங்கியதில் மதுரைப் பயணம் சிலருக்கு இலகுவாகியிருக்கிறது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் மக்களுக்கு இன்னும் பஸ்தான். ஆபரேஷன் செய்து வயிற்றில் மலப்பை மாட்டியிருக்கும் ஒருவருக்கு அந்தப் பஸ் பயணம் எவ்வளவு பயம் என்பது கூடப் போனவருக்குத்தான் தெரியும். பை நிரம்பிவிடுமோ, வாடை வருமோ, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவாரோ என்று முதல் நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மாணவர் கூடவே போனால், எங்கே இறங்கிப் பையை மாற்றலாம் என்று பார்த்து வைக்கலாம், டாக்டரிடம் கேட்க வேண்டியதை முன்னாடியே எழுதிக் கொடுக்கலாம், டாக்டர் சொன்னதை ஊருக்கு வந்து இன்னொரு தரம் நிதானமாகச் சொல்லலாம்.

கல்லூரிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கண்டிப்பாகவே ஒன்று சொல்ல விரும்புகிறேன். முழுமையான பராமரிப்பு என்ற பெயரில் பொடி, லேகியம், விலை கூடிய சத்து மாவு விற்கிற இடங்களுக்குப் பயிற்சிக்குப் போகாதீர்கள். கீமோவை நிறுத்திவிட்டு எங்கள் மருந்தைச் சாப்பிடுங்கள் என்று சொல்வது கொலைக்குச் சமம். அதற்கு நம் வீட்டுப் பிள்ளைகள் வாயாக இருக்கக்கூடாது. மேற்பார்வை செய்ய ஆளில்லாமல், இரண்டு மணி நேர வகுப்பு எடுத்துவிட்டுப் போனைக் கையில் கொடுத்து நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லச் சொல்லும் இடங்களும் வேண்டாம். சர்டிபிகேட் கிடைக்கும், ஆனால் அந்தப் பக்கம் அழுதுகொண்டிருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

நல்ல பயிற்சி என்றால் மாணவருக்குமேல் ஒரு நர்ஸோ டாக்டரோ அனுபவமுள்ள சமூகப்பணியாளரோ பெயர் சொல்லிப் பொறுப்பேற்றிருக்க வேண்டும். மருந்தின் அளவைப் பற்றி மாணவர் ஒரு வார்த்தை பேசக்கூடாது. வீட்டில் கேட்டதைத் தெருவில் சொல்லக்கூடாது. கிராமத்தில் இது ரொம்பவே முக்கியம், ஏனென்றால் கேன்சர் வந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பவர்களும், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பவர்களும் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். தொடுவதாலும் சேர்ந்து சாப்பிடுவதாலும் புற்றுநோய் பரவாது. அந்த வீட்டில் நீட்டும் காப்பியை வாங்கிக் குடித்துக் காட்டுவதே அந்தப் பிள்ளை செய்யும் முதல் பிரசாரம்.

வாரம் ஒருமுறை மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து மனசுவிட்டுப் பேச ஏற்பாடும் இருக்க வேண்டும். சில வீடுகளில் நோய் திரும்பி வரும். நேற்று “வா தாயி” என்று கூப்பிட்டவர் அடுத்த மாதம் இருக்கமாட்டார். இருபது வயதுப் பிள்ளை அந்தத் துக்கத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு ஹாஸ்டலுக்குத் திரும்பக்கூடாது.

பெண்கள் சொல்லத் தயங்குவது இன்னும் நிறைய உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கரண்டு வைத்த பிறகு தாம்பத்தியத்தில் வரும் வலி, சிறுநீர் எரிச்சல், சின்ன வயதிலேயே மாதவிலக்கு நின்றுபோவது எல்லாவற்றுக்கும் தீர்வும் ஆறுதலும் இருக்கின்றன, ஆனால் யாராவது கேட்டால்தானே வெளியே வரும். திருமணமான நர்சிங் அக்கா ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மாணவி போனால் மூன்றாவது நான்காவது தடவையில் அந்தப் பேச்சு தானாக வரும். கீமோவுக்குப் பிறகு பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றது தெரியாமலே நடந்து காயம்பட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் தேதி நெருங்க நெருங்கத் தூங்காமல் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரும் தன்னை நோயாளி என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆகையால் எந்தக் கணக்கிலும் அவர்கள் வருவதில்லை.

வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். உங்களில் சிகிச்சை முடித்து வந்தவர்கள், அப்படி வந்தவரைப் பார்த்துக்கொள்பவர்கள் எழுதுங்கள். ஊர் திரும்பிய முதல் ஆறு மாதத்தில் எது தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்? யார் செய்த எந்த உதவி கைகொடுத்தது? உங்கள் வீட்டுக்கு ஒரு மாணவர் வந்தால் அவரிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள்? பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமல் போடுகிறோம். எழுதச் சிரமப்படுபவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். வரும் கடிதங்களைத் தொகுத்து, தேனி மாவட்டத்தில் சமூகப்பணியும் உளவியலும் நர்சிங்கும் கற்பிக்கும் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும், க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம். களப்பணிக்கான இடங்களை அவர்கள் முடிவு செய்யும் முன் உங்கள் கடிதங்கள் எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்