எடைக்குப் போடலாமா?

"பழைய இரும்பு, பித்தளை, ஈயம், பேப்பர்ர்ர்..." என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் குரல் கேட்டதும் என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். வழக்கமாக அது என் பழைய பத்திரிகைக் கட்டுகள் மேல் போய் முடியும். இந்தத் தடவை ஹால் மூலையில் இருந்த டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மேல் போய் நின்றது.

"ஆறு மாசமா யாரும் அதை ஆன் பண்ணலே. அந்த இடத்துல ஒரு செருப்பு ஸ்டாண்டாவது வைக்கலாம்."

காலத்தின் கோலத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போனால் அடிக்க வருவார்கள். இன்றைக்கு செருப்புக்காகக் கம்ப்யூட்டர் வெளியே போகிறது!

பழைய இரும்புக்காரர் உள்ளே வந்தார். கேபினெட்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி இரண்டு தட்டு தட்டினார்.

"மானிட்டரு, டப்பா, கீபோர்டு, மௌஸு எல்லாம் சேர்த்து நானூறு ரூபா தரேன் சார்."

"என்னப்பா அநியாயம்! 2012-ல முப்பதாயிரம் குடுத்து வாங்கினது."

"நீங்க வாங்கினது கம்ப்யூட்டரு சார். நான் வாங்கறது இரும்பு."

இதற்கு மேல் என்ன பேசுவது? "அடுத்த வாரம் வாப்பா" என்று அனுப்பி வைத்தேன். விலை கட்டுப்படியாகாததால் அல்ல. மனசு கட்டுப்படியாகவில்லை.

இத்தனைக்கும் அந்த இயந்திரம் ஒரு குற்றமும் செய்யவில்லை. பட்டனைத் தட்டினால், கொஞ்சம் முனகிவிட்டு, எழுந்து உட்காரத்தான் செய்கிறது. ஆனால் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசமாகக் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்று பார்த்தால், அதற்குப் புதிய தலைமுறை பிராசஸர் வேண்டும், டி.பி.எம். 2.0 என்று ஒரு பாதுகாப்புச் சங்கதி வேண்டும் என்று கண்டிஷன் மேல் கண்டிஷன். என்னுடையதில் இரண்டும் கிடையாது. மாப்பிள்ளை தங்கமானவர்தான், ஆனால் ஜாதகம் பொருந்தவில்லை.

என் பையனிடம் யோசனை கேட்டேன். தன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் தீர்ப்பு சொன்னான். "எல்லாம்தான் போன்லயே ஆயிடுதேப்பா. இப்பல்லாம் யாரு டெஸ்க்டாப் வாங்கறாங்க?"

கொஞ்சம் பின்னால் போவோம். 1981 ஆகஸ்ட் 12-ம் தேதி ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை அறிவித்தபோது ஆரம்ப விலை 1,565 டாலர். அந்த விலைக்கு மானிட்டர்கூடக் கிடையாது. நினைவகம் 16 கிலோபைட். தினமும் காலையில் உங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாரே 'குட் மார்னிங்' ரோஜாப்பூ, அந்த ஒரு பூ அதற்குள் நுழையாது.

எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது 1999-ல். ஃப்ரிட்ஜ் வந்த அன்றுகூட அவ்வளவு கூட்டம் வரவில்லை. மானிட்டருக்கு, சி.பி.யூ.வுக்கு, கீபோர்டுக்கு என்று மனைவி தனித்தனியாகப் பூப்போட்ட துணியில் உறை தைத்தாள். சரஸ்வதி பூஜைக்கு மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். அன்று ஆன் பண்ணக்கூடாது, கலைமகளுக்கு விடுமுறை. இன்டர்நெட் வேண்டுமென்றால் மோடம் 'கீ... கொய்ங்... கர்ர்ர்' என்று கத்தி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், "சார், உங்களுக்கு அரை மணியா போன் போட்டேன், என்கேஜ்டாவே இருக்கே?" என்று நேரிலேயே வந்துவிடுவார்.

அவ்வளவு மரியாதையோடு இருந்ததை யார் கவிழ்த்தது? முதல் அடி லேப்டாப் கொடுத்தது. 2008-ம் வருஷக் கடைசி வாக்கில் உலகச் சந்தையில் விற்பனைக்குப் போகிற எண்ணிக்கையில் அது டெஸ்க்டாப்பை முந்திவிட்டது. இரண்டாவது அடி போன். 2016 அக்டோபரில், ஸ்டாட்கவுன்ட்டர் என்ற நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுக்க இணையத்தைப் பார்க்கிறவர்களில் போன், டேப்லட் வழியாக வருகிறவர்கள் 51.3 சதவீதம் ஆனார்கள். டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டும் சேர்ந்தே 48.7-தான்.

இதை முன்கூட்டியே சொன்னவர் ஸ்டீவ் ஜாப்ஸ். 2010-ல் ஒரு மேடைப் பேட்டியில் அவர் சொன்னதன் சாரம் இது: நாடு முழுக்க விவசாயமாக இருந்த காலத்தில் எல்லா வண்டியும் லாரியாகத்தான் இருந்தது. நகரங்கள் வளர்ந்ததும் ஜனங்கள் காருக்கு மாறினார்கள். பி.சி.யும் லாரி மாதிரி ஆகிவிடும். இருக்கும், ஆனால் சில பேருக்குத்தான் தேவைப்படும்.

யோசித்துப் பார்த்தால் நானே அதற்குச் சாட்சி. கரண்ட் பில், ரயில் டிக்கெட், பாங்க் பாலன்ஸ், கீரை வாங்கினால் ஜி-பே, எல்லாம் போனில். மாத்திரை டப்பாவில் பொடி எழுத்தைப் படிக்கக்கூடப் போனில் படம் பிடித்துப் பெரிசாக்கிப் பார்க்கிறேன். டெஸ்க்டாப்பைக் கடைசியாக எதற்குத் தொட்டேன் என்று யோசித்தால், தூசு துடைக்க!

சரி, நானூறு ரூபாய்க்கே போட்டுவிடலாம் என்று முடிவுக்கு வந்த சமயத்தில்தான் அக்காவிடமிருந்து போன்.

"நீயாவது அவன்கிட்ட பேசுடா. ரெண்டு நாளா சரியா சாப்பிடலே."

அக்கா பையன் பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வேலை தேடுகிறான். கெட்டிக்காரன். போனில் அவன் வேகத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். வீடியோ எடுத்து, வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, நான் காபி குடித்து முடிப்பதற்குள் உலகத்துக்கே அனுப்பிவிடுவான். அவனை ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவுக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கேள்விகளுக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொல்லியிருக்கிறான். கடைசியில் ஒரு டெஸ்க்டாப் முன்னால் உட்கார வைத்து, "ஒரு லெட்டர் டைப் பண்ணுங்க, எக்ஸெல்ல ஒரு சின்ன டேபிள் போட்டுக் கூட்டுங்க, ரெண்டையும் சேவ் பண்ணி மெயில்ல அனுப்புங்க. இருபது நிமிஷம்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

இருபது நிமிஷத்தில் லெட்டர் பாதிதான் முடிந்தது. டேபிள் போட்டான். சேவ் பண்ணினான். எங்கே போய் உட்கார்ந்தது என்று தெரியவில்லை.

"போன்ல அதுவே எங்கயோ போயிடும் மாமா, தேட வேண்டியதே இல்லே. இங்க ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா போவுது. பக்கத்துல ஒரு பொண்ணு படபடன்னு அடிச்சிட்டு எழுந்து போயிட்டா."

"ஏண்டா, போன்ல அவ்ளோ வேகமா அடிக்கறியே? அதே கீபோர்டுதானே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "கட்டை விரல் ரெண்டுக்கும்தான் தெரியுது மாமா. மீதி எட்டு விரலுக்கும் தெரியலே."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அவன் கட்டை விரலால் தட்டுகிற அந்த எழுத்து வரிசை எங்கிருந்து வந்தது தெரியுமா? கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்ற அமெரிக்கரின் டைப்ரைட்டரிலிருந்து. 1874-ல் ரெமிங்டன் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. டைப்ரைட்டர் பெரும்பாலான ஆபீஸ்களிலிருந்து போய்விட்டது. எழுத்து வரிசை 150 வருஷம் கழித்தும் அவன் பேன்ட் பாக்கெட்டில் இருக்கிறது. ஒரு சாமான் காலாவதி ஆவது வேறு, அதனால் செய்கிற வேலை காலாவதி ஆவது வேறு.

மறுநாள் இதே நினைப்போடு ஊரைச் சுற்றிப் பார்த்தேன். ஈ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு வரிசை. நிற்கிற ஒவ்வொருவர் கையிலும் பளபளவென்று ஒரு போன். எல்லோரும் காத்திருப்பது, உள்ளே ஒரு பெண் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்த பழைய டெஸ்க்டாப்புக்கு! பாங்க் கவுன்ட்டரில் டெஸ்க்டாப். ரயில்வே ரிசர்வேஷனில் டெஸ்க்டாப். என் ஆபீசில் என் மூக்குக்கு எதிரேயே டெஸ்க்டாப், அதில்தான் எனக்குச் சம்பளமே வருகிறது. பாங்க் வேலை, ரயில்வே வேலைக்கான பரீட்சைகள் கம்ப்யூட்டரில்தான் நடக்கின்றன. 2019-லிருந்து ஜே.இ.இ. மெயின் இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வும் அப்படியே. மௌஸைப் பிடித்து, திரையைப் பார்த்து, கடிகாரம் ஓட ஓடப் பதில் சொல்ல வேண்டும்.

ஜாப்ஸ் சொன்னது சரிதான், நமக்கு லாரி தேவைப்படுவதில்லை. ஆனால் கோயம்பேட்டுக்கு வெங்காயம் காரிலா வருகிறது? பில் கட்டுவது, படம் பார்ப்பது, வம்பு பேசுவது, இதெல்லாம் சவாரி. அதற்குப் போன் போதும், டெஸ்க்டாப் தேவையே இல்லை. ஆனால் நூறு வரிக் கணக்கு, பத்துப் பக்க ரிப்போர்ட், இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பது, இதெல்லாம் சுமை. சம்பளம் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் சுமைக்குத்தான் கொடுக்கிறார்கள். அக்கா பையன் கதை இதுதான். லாரிக்கு ஆள் எடுக்கும் இடத்தில், கார் பிரமாதமாக ஓட்டுகிறவன் போய் நிற்கிறான்.

தொண்ணூறுகளில் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்றால் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தோம். அதில் பாதி நேரம் என்ன பார்த்தோம் என்பது இங்கே வேண்டாம். ஆனால் மௌஸ் பிடிக்கக் கை பழகிற்று. இந்தப் பையன்கள் வீட்டில் டெஸ்க்டாப்பும் இல்லை, தெருவில் பிரவுசிங் சென்டரும் இல்லை. தமிழ்நாட்டில் 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது நம்மில் பல பேர் கேலி பண்ணினோம். லேப்டாப் வாங்க வசதியுள்ள வீட்டுப் பையனுக்குப் பிரச்னை இல்லை. வசதி இல்லாத வீட்டுப் பையன் முதன்முதலாக டெஸ்க்டாப்பைச் சந்திப்பதே இன்டர்வியூ அறையில் என்றால், அது சந்திப்பா சார், விபத்து!

சனிக்கிழமை, எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் பையனை வரவழைத்தேன். கேபினெட்டைத் திறந்தான். உள்ளே பதின்மூன்று வருஷத் தூசு, ஒரு காய்ந்த பல்லி. பல்லியை அகற்றி, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, கொஞ்சம் ராம் சேர்த்தான். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ், அதோடு லிப்ரே ஆபீஸ், இரண்டும் இலவசம். மொத்தச் செலவு மூவாயிரத்துச் சொச்சம். டெஸ்க்டாப்பின் பெருமையே இதுதான். நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும், எந்த உறுப்பையும் மாற்றலாம். போனில் பாட்டரி மாற்றுவதற்குள் பிராணன் போகிறது.

இப்போது அக்கா பையன் தினமும் சாயங்காலம் வருகிறான். முதல் நாள், 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே' என்று நான் பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பாடத்தை ஆரம்பித்ததும், "இது என்ன மாமா மந்திரம்?" என்றான். மந்திரம்தான். எத்தனை குடும்பங்களில் இதைச் சொல்லி அடுப்பு எரிந்திருக்கிறது! இருபத்தைந்து நாளில் எட்டு விரலும் விழித்துக்கொண்டன. அடுத்த மாதம் இன்னொரு இடத்தில் டெஸ்ட். கிடைக்குமா, தெரியாது. ஆனால் சேவ் பண்ணினால் எங்கே போகிறது என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

போன ஞாயிறு பழைய இரும்புக்காரர் மறுபடி வந்தார்.

"சார், அந்தக் கம்ப்யூட்டரு?"

"போடலேப்பா. மன்னிச்சுக்கோ."

அவர் போகவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "நல்லதாப் போச்சு சார். ஒரு சேதி கேக்கணும். போன மாசம் ஒரு வீட்டுல இதே மாதிரி ஒண்ணு எடுத்தேன். கடையில போடலே, வீட்டுல வெச்சிருக்கேன். பொண்ணு பன்னெண்டாவது படிக்குது, பரீட்சை கம்ப்யூட்டர்லதான் எழுதணுமாம். ரிப்பேர் பண்றவங்க யாராவது தெரியுமா சார்?"

நம்பர் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்தார்.

உள்ளே வந்தால், மனைவி பரண் மேலிருந்து எதையோ இறக்கித் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். 1999-ம் வருஷத்துப் பூப்போட்ட உறை!

"கீபோர்டுக்குச் சரியா இருக்கும்" என்றாள். "செருப்பு ஸ்டாண்டை வாசல்லயே வெச்சுக்கலாம்."