கூம்புக்கு வெளியே பயமில்லையா?

அமெரிக்காவில் புயல் நெருங்கினால் டிவியில் ஒரு கூம்புப் படம் வந்துவிடும். அடுத்த சில நாட்களில் புயலின் மையம் எந்தப் பக்கம் போகலாம் என்பதை மட்டுமே அது சொல்கிறது. காற்று எவ்வளவு தூரம் அடிக்கும், கடல் எவ்வளவு உள்ளே வரும் என்பதெல்லாம் அதில் கிடையாது. மக்கள் பார்ப்பதோ, "நம்ம ஊர் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?" என்பதைத்தான்!

2022 செப்டம்பரில் இயான் சூறாவளி ஃபுளோரிடாவின் டாம்பாவைத் தாக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். தெற்கே லீ கவுண்டியில் மக்களை வெளியேறச் சொன்னது 27ஆம் தேதி. மறுநாளே புயல் அங்கு கரையைக் கடந்தது. ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் கடல் 10 அடிக்கு மேல் எழுந்து வீடுகளை அள்ளிச் சென்றது.

கடலோரத்தில் இருப்பவர்கள் வானிலை அறிக்கையில் முதலில் தேட வேண்டியது கோட்டை அல்ல, தண்ணீர் எத்தனை அடி ஏறும் என்பதை.