ரேடியோவை மாற்றாதீர்கள், ஏரியலைக் கவனியுங்கள்!



ரேடியோ கரகரத்தால் நம் வீடுகளில் முதலில் நடக்கும் வைத்தியம் என்ன? பெட்டியின் தலையில் ஒரு தட்டு! இரண்டாவது வைத்தியம், காதைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகுவது. இரண்டுக்கும் அது மசியவில்லையென்றால், "இது தேறாது, புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்" என்று வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பிவிடுவார். புது ரேடியோ வரும். பழையது இருந்த அதே மூலையில் உட்காரும். அதே கரகரப்பைக் கூச்சமில்லாமல் பாடும்!

பெரும்பாலும் குற்றம் பெட்டியிடம் இல்லை. அதற்குக் காது சரியாக அமையவில்லை. ரேடியோவின் காதுதான் ஏரியல். அது எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். என்ன விலை என்பது அப்புறம்.

"எல்லாம்தான் போனில் வருகிறதே! ரேடியோவுக்கு எதற்கு இவ்வளவு உபசாரம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை வாசிகள் பட்ட பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் மரங்களைப் பிடுங்கி எறிந்ததே, அதையும் நினைத்துப் பாருங்கள். மின்சாரம் போயிற்று, போனில் சார்ஜ் போயிற்று, சார்ஜ் இருந்தவர்களுக்கும் பல இடங்களில் சிக்னல் இல்லை. புயல் கரை கடந்ததா, ஏரி திறந்துவிட்டார்களா, வெளியே கிளம்பலாமா, குழந்தைகளோடு மாடிக்குப் போக வேண்டுமா? இவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல, இரண்டு பாட்டரி போட்ட ஒரு சின்ன ரேடியோ போதும். ஆனால் அந்த ரேடியோ அன்று இரவு பேச வேண்டுமானால், அதன் காதை இன்றைக்கே சரி செய்து வைக்க வேண்டும். கொட்டுகிற மழையில் மொட்டை மாடிக்குப் போய்க் கம்பி கட்ட முடியுமா?

"ஏரியல் என்பது ஆண்கள் சமாசாரம்" என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, அமெச்சூர் ரேடியோ நிபுணர், ஒரு குழுவுடன் அந்தமானிலுள்ள போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். 26ஆம் தேதி சுனாமி வந்தது. டெலிபோன் தொடர்புகள் அறுந்து கிடந்தபோது, அவருடைய ரேடியோ மூலமாகத்தான் பல செய்திகள் இந்தியப் பெருநிலப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தன. இன்னார் பிழைத்திருக்கிறார் என்ற ஒரு வரிக்காகக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனை! அதற்கு உதவியவை ஒரு ரேடியோவும், ஆகாயத்தில் நிற்கும் ஒரு கம்பியுந்தான். நாம் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. நம் வீட்டுக்கு வருகிற குரலை வாசலோடு திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும்.

அலைக்குத் தக்க அளவு

ரவிக்கைக்கு அளவு எடுப்பதுபோல் ஏரியலுக்கும் அளவு உண்டு. கணக்கு சுலபம். நிலையத்தின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் 300ஐ வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வந்துவிடும். எப்.எம். நிலையங்கள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையில் இருக்கின்றன. நடுவிலே 100 என்று வைத்துக்கொண்டால் அலை நீளம் 3 மீட்டர். ஒற்றைக் கம்பியாக நிற்கும் ஏரியல் அதில் கால் பங்கு, அதாவது சுமார் 75 சென்டிமீட்டர் இருந்தால் நன்றாக வாங்கும்.

இப்போது உங்கள் ரேடியோவின் இழுப்புக் கம்பியைப் பாருங்கள். பாதி இழுத்து, பாதி உள்ளே தூங்குகிறதா? முழுக்க இழுத்துவிடுங்கள். அது இரண்டரை அடிக்குக் குறைவாக இருந்தால், நுனியில் ஒரு துண்டு வயரைக் கிளிப் போட்டு நீட்டிப் பாருங்கள். நேராக நிறுத்தியும், படுக்க வைத்தும் பாருங்கள். எது தெளிவோ அதுவே சரி.

போனில் எப்.எம். கேட்கப் போனால் "இயர்போனைச் செருகு" என்று அது அடம் பிடிக்கிறதே, ஏன் தெரியுமா? அந்த வயர்தான் அதற்கு ஏரியல்! எப்.எம். வசதியுள்ள போன் வைத்திருப்பவர்கள் வயர் வைத்த பழைய இயர்போனைத் தூக்கி எறியாதீர்கள். கூரை சாய்ந்த நாளில் உதவும்.

பெரிய செட்டாக இருந்து, பின்னால் ஏரியல் துளையும் இருந்தால் இன்னும் விசேஷம். ஒவ்வொன்றும் சுமார் 70 சென்டிமீட்டர் உள்ள இரண்டு வயர்களை, கைகளை விரித்தாற்போல் ஒரே கோட்டில் எதிரெதிராக நீட்டிக் கட்டுங்கள். நடுவில் ஒன்றை டி.டி.எச். கேபிளின் உள் கம்பியோடும், மற்றொன்றை அதன் மேல் பின்னலோடும் இணைத்து, மறுமுனையை செட்டில் செருகுங்கள். ஒரு மூங்கில் குச்சியிலோ, பிளாஸ்டிக் குழாயிலோ இதைக் கட்டி ஜன்னலுக்கு வெளியே, எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் வையுங்கள். எப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் வருகிறது. நடுவில் எதிர்வீட்டு மாடி நின்றால் தயங்கும். ஆகவே இதற்கு உயரமே பலம்.

மத்திய அலை: பெட்டியைத் திருப்புங்கள்

மத்திய அலையின் நீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். அதில் கால் பங்குக் கம்பியை எந்தத் தெருவில் கட்டுவது? அதனால்தான் டிரான்சிஸ்டர் ரேடியோவின் வயிற்றுக்குள்ளேயே, கறுப்புக் குச்சி ஒன்றில் மெல்லிய கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். வெளியே தெரியும் இழுப்புக் கம்பிக்கு இங்கே வேலை இல்லை. அதை எவ்வளவு இழுத்தாலும் பயன் ஒன்றுமில்லை!

இந்தக் குச்சிக்கு ஒரு குணம். அதன் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் நன்றாகக் கேட்கும். நுனி பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே ரேடியோவை மேஜை மேலேயே மெள்ளத் திருப்புங்கள். அரை வட்டம் திருப்புவதற்குள் எங்கோ ஓரிடத்தில் குரல் பளிச்சென்று வரும். அந்த இடத்தில் மேஜையில் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். செலவு காலணா இல்லை!

சிற்றலை: ஒரு புடவை நீளம்

1950களில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் குறைத்துக்கொண்டபோது, நம் பாட்டிமார் இலங்கை வானொலியைச் சிற்றலையில் தேடிப் பிடித்தார்கள். 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித் பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்தக் கால வீடுகளில் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, செம்புக் கம்பியால் பின்னிய வலைப் பட்டை ஒன்று தொங்குமே, நினைவிருக்கிறதா? அதுவும் ஏரியல்தான்.

இன்றைக்கும் சிற்றலை கேட்கிறவர்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஆறு கஜப் புடவை நீளம், அதாவது சுமார் ஐந்தரை மீட்டர், உறை போட்ட மெல்லிய வயர் போதும். ஒரு முனையை இழுப்புக் கம்பியில் கிளிப் போட்டு, மறுமுனையை ஜன்னல் வழியாக வராந்தாவுக்குக் கொண்டு போய் நைலான் கயிற்றால் கட்டுங்கள். அதிக நீளம் அதிக நல்லது என்று ஐம்பது அடி இழுத்துவிடாதீர்கள். சின்ன டிரான்சிஸ்டருக்கு அது திகட்டிப் போய், நாலு நிலையங்களை ஒன்றாகக் கலந்து கூட்டாஞ்சோறு பண்ணிவிடும்!

ஸ்கேனர் என்றொரு ரேடியோ

அமெரிக்காவில் பெண்ணையோ பிள்ளையையோ பார்க்கப் போய்வந்தவர்கள் ஸ்கேனர் என்ற கருவியைப் பார்த்திருப்பீர்கள். பல அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தாவித் தாவி, எங்கே பேச்சு இருக்கிறதோ அங்கே நிற்கும் ரேடியோ அது. விமானம், தீயணைப்பு, வானிலை எல்லாம் கேட்கலாம். பல ஊர்களில் போலீசார் தங்கள் பேச்சைச் சங்கேதமாக்கிவிட்டார்கள். அதை எந்த ஏரியலாலும் திறக்க முடியாது. ஆனால் அரசாங்க வானிலை ரேடியோ 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் எல்லாருக்கும் பொதுவாகப் பேசுகிறது. நம் கணக்குப்படி அதற்குச் சரியான நேர்க்கம்பி சுமார் 46 சென்டிமீட்டர். சூறாவளி வரும் ஊரில் இருக்கும் மகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். பல அலைகளையும் ஒன்றாகக் கேட்க விரும்பினால், துணி போன குடையைப்போல் கம்பிகள் விரிந்து, தலையில் ஒரு தட்டும் வைத்த டிஸ்கோன் ஏரியல் உண்டு. அது எல்லா அலையையும் சுமாராக வாங்கும். எதையும் பிரமாதமாக வாங்காது.

நம் ஊரில் இந்த ஆசை வேண்டாம். பிறருடைய பேச்சை ஒட்டுக் கேட்பது சட்டத்துக்கும் பொருந்தாது, அழகுமல்ல.

வீட்டுக்குள் இருக்கும் விரோதி

இவ்வளவும் செய்து இன்னும் இரைச்சலா? அப்படியானால் விரோதி வீட்டுக்குள்ளேதான் இருக்கிறான். ரேடியோவைப் பாட்டரியில் ஓடவிட்டு, மெயின் சுவிட்சை ஒரு நிமிஷம் அணையுங்கள். இரைச்சல் நின்றதா? பிடிபட்டது! இனி மற்ற சுவிட்சுகளை எல்லாம் அணைத்து வைத்து, மெயினை மட்டும் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். எதைப் போட்டதும் கத்துகிறதோ அதுவே திருடன். மலிவு எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், மின்விசிறி ரெகுலேட்டர் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றிலிருந்து ரேடியோவைத் தள்ளி வையுங்கள். ஃப்ரிட்ஜின் தலையில் ரேடியோவை ஏற்றி வைத்திருக்கிறீர்களா? தயவுசெய்து இறக்குங்கள். காங்கிரீட் சுவருக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. அதுவும் அலையைத் தடுக்கும். ஆகவே ஜன்னலோரமே ரேடியோவுக்கு நல்ல இடம். ஆனால் ஏரியல் ஜன்னல் இரும்பில் படக்கூடாது.

கடையில் "பூஸ்டர் வைத்த ஏரியல்" என்று நீட்டுவார்கள். கல்யாணக் கூடத்துச் சந்தடியை ஒலிபெருக்கியில் வைத்தால் என்ன கேட்கும்? சந்தடிதான் பெரிதாகக் கேட்கும்! இரைச்சலைக் குறைக்காமல் பூஸ்டர் வாங்குவதும் அப்படித்தான்.

இதை மட்டும் மறக்காதீர்கள்

இனிச் சொல்லப் போவது ரேடியோவைப் பற்றியல்ல, உயிரைப் பற்றி. மின்சாரக் கம்பி போகும் பக்கம் ஏரியல் கட்டவே கூடாது. "தள்ளித்தானே இருக்கிறது" என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். ஏரியல் அறுந்தோ சாய்ந்தோ எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொட முடியாத இடமா என்று பாருங்கள். ஏரியல் வயரைச் சுவர்ப் பிளக்கின் எந்தத் துளையிலும் செருகாதீர்கள். மாடியில் துணி உலர்த்தும் கொடியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். குழந்தைகள் ஓடினால் கழுத்தில் மாட்டும் உயரத்திலும் கட்டாதீர்கள்.

மழை இருட்டிக்கொண்டு வரும்போதே வெளி ஏரியலை ரேடியோவிலிருந்து கழற்றி, வயரை வெளியே விட்டுவிடுங்கள். இடி இடிக்க ஆரம்பித்த பிறகு அதைத் தொடவே வேண்டாம். அந்த நேரத்துக்கு ரேடியோவின் சொந்தக் கம்பியும், மேஜையில் நீங்கள் வைத்த பொட்டும் போதும். அதற்காகத்தான் முதலிலேயே சரியான இடத்தைத் தேடச் சொன்னேன்.

ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வேலையை முடித்துவிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள், ஒருவன் வயரைப் பிடிக்கட்டும், ஒருத்தி கணக்குப் போடட்டும். நல்ல இடம் கிடைத்ததும், எந்த நிலையம் எந்த எண்ணில் வருகிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி ரேடியோவின் முதுகில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே இரண்டு புது பாட்டரிகளைப் பிரிக்காமல் வைத்துவிடுங்கள். சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டது என்று யார் வந்து கெஞ்சிக் கேட்டாலும் அந்தப் பாட்டரிகளை மட்டும் கொடுக்காதீர்கள்!