18 வயசு ஆனா கால் சரியாப் போயிடுமா?

ஆலங்குளத்தில் இருந்து விருதுநகருக்கு ஒரு காரியமாகப் போக வேண்டுமானால் ஏழைக்குப் பஸ்தான் கதி. மாற்றுத்திறனாளிகளுக்கு டவுன் பஸ்சில் 2021 முதல் டிக்கெட் இல்லை. நல்ல காரியம். ஆனால் படி இருக்கிறதே! முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தூக்க முடியாதவங்க எப்படி ஏறுவாங்க?

மூளை முடக்குவாதம் உள்ளவர்களைத்தான் சொல்கிறோம். குறைமாதப் பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், கடும் மஞ்சள் காமாலை என்று பல காரணங்களால் சிசுவின் மூளை பாதிக்கப்படுகிறது. தசை விறைக்கும். குதிகால் தரையில் படாது. முழங்கால்கள் கத்தரி மாதிரி உரசும். புத்தியும் மட்டம் என்று ஊரில் பேசுவார்கள். தப்பு! பலருக்குப் புத்தியில் ஒரு குறையும் கிடையாது.

பெரியவர்கள்

பள்ளிக்கூட வயதில் கவனிப்பு உண்டு. வட்டார வள மையத்தில் பிசியோதெரபிஸ்டு பயிற்சி கொடுப்பார். 18 வயது முடிந்ததா? அந்தப் பயிற்சியும் முடிந்தது!

மூளையில் பட்ட அடி வயதோடு வளராது. ஆனால் நடை கெடும். 20, 30 வயதிலேயே பலருக்கு முன்பு நடந்த தூரம் நடக்க முடிவதில்லை. மூட்டு வலி, சீக்கிரமே களைப்பு. நம்ம பக்கம் தொழிலும் உட்கார்ந்த தொழில். தீப்பெட்டி வேலை, பட்டாசு வேலை எல்லாம் மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்து பார்ப்பது. மடங்கிய முழங்கால் மடங்கியபடியே இறுகிப்போனால்?

என்ன பயிற்சி?

விறைத்த காலுக்குப் பாரம் கொடுத்தால் இன்னும் விறைக்கும் என்று ஒரு காலத்தில் வைத்தியம் பார்ப்பவர்களே பயந்தார்கள். இப்போது அந்தப் பயம் இல்லை. காலில் மணல் பை கட்டித் தூக்குவது, நாற்காலியில் இருந்து கையூன்றாமல் எழுவது, ஒரு படி ஏறி இறங்குவது. வாரம் 2, 3 நாள், பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் செய்தால் பெரியவர்களுக்கும் தசை பலப்படும் என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

ஓடி விளையாடுவார்கள் என்று கதை விடவில்லை. பலம் கூடியும் நடை வேகம் கூடாதவர்கள் உண்டு. பஸ் படி ஏற வேண்டுமானால் படி ஏறியே பழக வேண்டும். பயிற்சியை விட்டால் வந்த பலமும் போய்விடும். ஆளுக்கு ஆள் கால் வேறு. பிசியோதெரபிஸ்டு பார்த்துச் சொன்னபடிதான் செய்ய வேண்டும். எண்ணெய் போட்டு இழுத்து நிமிர்த்துகிறேன் என்று வருகிற ஆசாமிகளிடம் காலைக் கொடுத்துவிடாதீர்கள்!

சட்டம்

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. குடும்ப வருமானத்தைப் பார்த்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே, அதுவும் முக்கியமாகக் கிராமங்களில் இலவச வைத்தியம் என்று அதில் இருக்கிறது. 18 வயசோடு நிறுத்து என்று சொல்லவில்லை. 2021-ல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க வழி உண்டு. 2022-ல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

பிறகென்ன தடை? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 18 வயது தாண்டியவர்களுக்கு வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை என்றே வைத்துக்கொள்வோம், ஒதுக்கினால் போதும். ஒரு நாற்காலி, ஒரு மரப்படி, பிடித்து நடக்க இரண்டு கம்பி, நாலு மணல் பை. வாசலில் சாய்தளம். அரசு சிமெண்டு ஆலை இருக்கிற ஊரில் அதற்குச் சிமெண்டுக்கா பஞ்சம்?

யார் யாருக்கு வேண்டும் என்பது அடையாள அட்டை கொடுத்த ஆபீஸ் பட்டியலிலேயே இருக்கும். கலெக்டர் அதை எடுத்துப் பார்த்து, முதல் வியாழக்கிழமை எந்தத் தேதி என்று அறிவிக்கட்டும்.