கொழும்பின் அச்சமும் கொழுந்து பறித்த கைகளும்

இந்திய அரசும் இலங்கை அரசும் ஆண்டுக்கணக்கில் பேசியும் முடிக்கமாட்டாமல் கிடந்த பொருளியல் தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்பாட்டுக்குக் கொழும்பில் ‘எட்கா’ என்று பெயர். 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் வரைவு வெளிவந்தபோது அங்குப் பெருங்கூச்சல் எழுந்தது. அரச மருத்துவ அலுவலர் சங்கத்தார் முன்னின்றனர். பொறியாளரும் கணிப்பொறித் துறையினரும் சேர்ந்துகொண்டனர். இராசபக்சேவைச் சூழ்ந்திருந்த அரசியலாளரும் மக்கள் விடுதலை முன்னணியாரும் தத்தம் கொடியோடு வந்து நின்றனர். அவர்தம் முழக்கங்களின் பிழிவு ஒன்றே: இந்தியாவிலிருந்து வேலையாள்கள் வெள்ளமெனப் புகுவர்; இலங்கைப் பிள்ளைகளின் பிழைப்பில் மண் விழும்.

இவ்வெதிர்ப்பில் இரண்டு குரல்கள் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்தறியாமல், ‘சிங்களவன் கத்துகிறான்’ என்று ஒதுக்குவதும் பிழை; ‘சிறிய நாடு தன்னைக் காத்துக்கொள்கிறது’ என்று பாராட்டுவதும் பிழை.

முதற்குரல், பெருமுதலைக் கண்டு சிறுமுதல் அஞ்சும் அச்சம். அதில் முறை உண்டு. 1998 திசம்பர் 28-இல் புதுதில்லியில் கையொப்பமாகி 2000 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த தடையிலா வணிக உடன்பாடு இலங்கையருக்குக் கற்பித்த பாடம் அது. ‘தடையிலா’ என்பது பெயரளவே. இலங்கைத் தேயிலை ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோவுக்கு மேல் தீர்வைச் சலுகையோடு நுழையலாகாது என்றும், அதுவும் கொச்சி, கொல்கத்தாத் துறைமுகங்கள் வழியாகவே வரவேண்டும் என்றும் தில்லி தொடக்கத்தில் வரம்பு கட்டியது. ஆயத்த ஆடைக்கு ஆண்டுக்கு 80 இலக்கம் உருப்படி. அவற்றுள்ளும் 60 இலக்கம் இந்தியத் துணியால் தைத்தவையாக இருத்தல் வேண்டும். விருந்துக்கு அழைத்துவிட்டு வந்தவன் இலையில் சோற்றை எண்ணிப் போட்டது போன்ற செயல் இது. பின்னர்க் கட்டுகள் சில தளர்ந்தன, மனக்கசப்புத் தளரவில்லை. பணித்துறைகளையும் முதலீட்டையும் சேர்த்து விரித்த உடன்பாடு ஒன்று 2005 முதல் பேசப்பட்டு, 2008-இல் கொழும்பு சார்க்கு மாநாட்டின்போது கையொப்பமாகும் என்று எதிர்பார்க்கப்பட்டு, உள்நாட்டு வணிகரின் எதிர்ப்பால் நின்றுபோனதும் இக்கசப்பினால்தான். தில்லியின் பிடியைத் தம் மாநிலத்திலேயே நாளும் காணும் தமிழர்க்கு இவ்வச்சம் விளங்காத ஒன்றன்று.

இரண்டாங்குரலே ஆய்தற்குரியது. கணிப்பொறி, கப்பல் கட்டுதல் ஆகிய இரு துறைகளைப் பற்றியே பேச்சு என்றும், ஆள்கள் தங்குதடையின்றி வருவதற்கு இடமில்லை என்றும் அன்றைய இரணில் விக்கிரமசிங்காவின் அரசு கூறிற்று. எதிர்த்தோர் செவிசாய்க்கவில்லை. ஏன்? அவ்வச்சம் உடன்பாட்டில் பிறந்ததன்று. அதற்கு முக்கால் நூற்றாண்டு மூத்தது.

அதன் வேர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்கு ஏறிய காட்டுவழியில் கிடக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கு வெள்ளையர் ஆள் தேடியபோது, தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் திரட்டிச் சென்றோர் கால்நடையாக அவ்வழி ஏறினர். நோயாலும் பசியாலும் ஏறாமலே மடிந்தோர் பலர். 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது, உழைத்த கைகள் மட்டும் மாறவில்லை. கங்காணியிடம் பட்ட முன்பணக் கடன் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதப்பட்டுத் தொழிலாளியைப் பின்தொடர்ந்தது. புதிய தோட்டத்துத் துரை பழைய கடனைத் தீர்த்து ஆளைப் பெற்றுக்கொண்டான். 1921-இல்தான் அம்முறையைச் சட்டம் ஒழித்தது. கூலி என்பது தமிழில் உழைப்புக்குரிய ஊதியத்தின் பெயர். வெள்ளையன் வாயில் அஃது உழைப்பவனுக்கே பெயராயிற்று. ஊதியத்தைக் குறைத்துக் கொடுத்தவன் சொல்லையும் குறைத்தே ஆண்டான் போலும்!

1930-களின் பொருளியல் முடை கொழும்பைத் தாக்கிய காலத்தில், முன்னர் எல்லா இனத் தொழிலாளரையும் ஒன்றுசேர்த்த ஏ. ஈ. குணசிங்கா என்னும் தொழிற்சங்கத் தலைவர், தம் சினத்தை முதலாளிமேல் வைக்காமல் உடன் உழைத்த மலையாளியர் மேலும் பிற இந்தியத் தொழிலாளர் மேலும் திருப்பினார். 1939-இல் அரசுத் துறைகளில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை வேலையிலிருந்து நீக்க இலங்கை அமைச்சர்கள் முடிவுசெய்தனர். அதற்கு விடையாக, அவ்வாண்டு ஆகசுட்டு முதல் நாளிலிருந்து உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதையே இந்திய அரசு தடுத்தது. தாயையும் பிள்ளையையும் கடல் பிரித்தது போதாதென்று ஆணையும் பிரித்தது.

விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியர் பேராயம் 1952-இல் ஒருவரையும் அனுப்ப இயலாமல் வாய் கட்டப்பட்டது. வடகிழக்குத் தமிழருள் செல்வநாயகம் எதிர்த்து நின்றார். பொன்னம்பலம் அமைச்சராக அமர்ந்தார். அப்பிளவிலிருந்தே 1949 திசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. மலையை வெட்டித் திருத்திய மக்களுக்கு அன்றுமுதல் ‘கள்ளத்தோணி’ என்பது பட்டப்பெயர். அச்சொல்லும் தமிழ்ச்சொல்லே என்பது நெஞ்சில் தைப்பது.

பிறகு வந்தது 1964 அக்தோபர் 30. சிறிமாவோவும் சாத்திரியும் தில்லியில் ஓர் உடன்பாடு செய்தனர். அது தேயிலையைப் பற்றியதன்று, துணியைப் பற்றியதன்று, ஆள்களைப் பற்றியது. நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தனர். அந்த எச்சத்தையும் 1974-இல் பாதிபாதியாகப் பங்கிட்டனர். ஏழுபேர் கப்பலேறினால் நால்வருக்கு அங்குக் குடியுரிமை என்பது நடைமுறைக் கணக்கு. பங்கிடப்பட்டோரின் பேராளர் எவரும் அந்த மேசையில் இல்லை. அக்காள் அங்கு, தங்கை இங்கு என்று குடும்பங்கள் பிரிந்தன. கடவுச்சீட்டு வந்த நாளில் தொடர்வண்டி நிலையங்களில் எழுந்த அழுகையை மலையக எழுத்தாளர் பலர் எழுதியுள்ளனர். இங்கு வந்தோருள் ஒரு பகுதியினருக்கு நீலமலையிலும் வால்பாறையிலும் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களே வேலை தந்தன. மீண்டும் கொழுந்து, மீண்டும் தோட்ட வீடு. ஊரார் வாயில் ‘சிலோன்காரர்’ என்னும் பெயர். அங்கு இந்தியத் தமிழர், இங்குச் சிலோன்காரர். அண்மை ஆண்டுகளில் அத்தோட்ட நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறையிடம் ஒப்படைக்க அரசு முனைந்தபோது, அவர்கள் மூன்றாம் முறையாக மூட்டை கட்ட வேண்டுமோ என்று கலங்கினர்.

இவ்வரலாற்றை அறிந்தார்க்கு எட்காவை எதிர்த்த இரண்டாங்குரல் புதிதாகத் தோன்றாது. மக்கள் விடுதலை முன்னணியின் உரோகண விசயவீரா 1971 கிளர்ச்சிக்கு முன் தம் இளைஞர்க்கு எடுத்த ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விரிவாதிக்கம் பற்றியது. அதில் பெருமுதலாளியோடு தோட்டத் தமிழரும் அவ்விரிவாதிக்கத்தின் கருவியாக வைத்து எண்ணப்பட்டனர். அதே முன்னணியின் தலைவர் அநுர குமார திசாநாயக்கா 2024 செப்தம்பரில் குடியரசுத் தலைவராகி, திசம்பரில் தில்லி சென்று, எட்காப் பேச்சைத் தொடர்வதென்று கூட்டறிக்கையில் உடன்பட்டார். முதலைப் பற்றிய அச்சத்தை ஆட்சிக்கட்டில் எளிதில் ஆற்றிவிடுகின்றது. தொழிலாளியைப் பற்றிய அச்சம் அவ்வளவு எளிதில் ஆறுவதன்று.

2016-இல் வேலை பறிபோகும் என்று கொழும்புத் தெருவில் முழங்கியோர், தம் நாட்டிலேயே இருந்த தொழிலாளியின் கூலியைப் பற்றி என்ன கேட்டனர்? நாளொன்றுக்கு ஆயிரம் உருபா கேட்டுப் போராடிய தோட்டத் தொழிலாளிக்கு அவ்வாண்டு அக்தோபரில் முடிவான அடிப்படைக் கூலி 500 உருபா. அதற்காக எந்த மருத்துவர் சங்கமும் வேலைநிறுத்தம் செய்ததாகத் தெரியவில்லை. காலத்தின் நகைப்பையும் காண்க. பொருளியல் சரிந்த 2022-ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலக்கத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். மருத்துவரும் பொறியாளரும் அவ்வழியே போயினர். குவைத்திலும் சவுதியிலும் பிறர் வீட்டில் உழைக்கும் சிங்களத் தாய், தம் முன்னோர் வெறுத்த தமிழ்த் தாயின் நிலையில் இன்று இருக்கின்றாள். அவளை ‘அயலாள்’ என்று ஓர் அரபியன் இகழும்போது கொழும்புக்கு உறைக்கிறதா?

இவ்விடத்தில் தமிழ்நாட்டாரும் தம்மை ஒருமுறை நோக்கிக்கொள்ளல் நலம். திருப்பூரிலும் சென்னையிலும் வடவர் வரவு பெருகியது பற்றி இயக்கத்தார் பேசுகின்றனர். மண்ணின் மக்களுக்கு வேலையில் முதலுரிமை வேண்டும் என்பது முறையான கோரிக்கை. அதை விட்டுக்கொடுத்தல் இயலாது. ஆனால் அக்கோரிக்கை அரசின் முன்னும், குறைந்த கூலிக்கு ஆள் தேடும் முதலாளியின் முன்னும் வைக்கப்பட வேண்டியது. தகரக் கொட்டகையில் பத்துப்பேராய்ப் படுத்துறங்கும் பீகாரியின் முன் அதை வைத்தால், தமிழன் வாயிலிருந்து வருவது குணசிங்காவின் குரலாகிவிடும்.

உடன்பாடு வேண்டுமா, வேண்டாவா என்பது தீர்வைக் கணக்குத் தெரிந்தோர் முடிவுசெய்யட்டும். தமிழர் கேட்க வேண்டியது வேறு. மலையகத் தமிழரின் பெயரைச் சொல்லிப் பேரம் பேசும் உரிமையைத் தில்லிக்கு எவர் கொடுத்தார்? அவர்களை இந்தியாவின் நிழல் என்று காட்டி அஞ்சுவிக்கும் உரிமையைக் கொழும்புக்கு எவர் கொடுத்தார்? 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை பெற்ற அம்மக்களுக்கு, அவர்கள் உழும் நிலத்திலும் உறங்கும் மனையிலும் உறுதிப்பத்திரம் எங்கே? தில்லி தோட்டங்களில் 4,000 வீடு கட்டித் தந்தது. மேலும் 10,000 வீடு என்று 2017-இல் அறிவித்தது. வரவேற்கத்தக்கது. ஆயினும் இலயன் அறைகளில் இன்னும் வாழ்வோர் கேட்பது கொடையன்று, காணி.

2023 சூலையில் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து நடக்கத் தொடங்கினர். முன்னோர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைந்து, அவர்கள் ஏறிய வழியிலேயே பதினாறு நாள் நடந்து, ஆகசுட்டு 12-இல் மாத்தளையை அடைந்தனர். நிலமும் வீடும் முறையான கூலியும் கேட்டு நடந்த நடை அது. அதற்கு இரண்டரைத் திங்கள் கழித்து, அக்தோபர் இறுதியில், ஆண்டுக்கணக்கில் நின்றிருந்த எட்காப் பேச்சு கொழும்பில் மீண்டும் தொடங்கிற்று. இரு நாட்டு அலுவலரும் மேசையின் இருபுறமும் அமர்ந்தனர். நடந்து வந்தவர்களுக்கு அங்கு நாற்காலி போடப்படவில்லை.